ஆறு விழுகிற இடம்

திங்கட்கிழமை எங்கட கடைக்குப் பூட்டு. குசினியில் ஒன்றாக வேலை செய்கிற நாங்கள் மூன்று பேர் வெக்ஸ்போர்ட்டில் 54ஆம் இலக்க பஸ் எடுத்தோம். லோரன்ஸ் வீதியால் நேரே கிழக்கே போய், பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி நடந்தால் றூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற இடம். கையில் புட்டும் சம்பலும், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி.

ஆற்றுவாய்க்குக் குறுக்கே ரயில் பாலம். அதற்கு அங்கால் புல் மண்டின சதுப்பு, நாரைகள், தூண்டில்காரர். நான் தொண்டைமானாற்றான். இப்படி ஒரு தண்ணீரைக் கண்டால் எனக்குக் கால் நகராது.

கரையோரமாக நடந்து போகும்போது, மயிலிட்டிக்கார நண்பர் சொன்னார்: "ஒருத்தரும் இருக்காத வெறும் காடு. எங்களுக்கு இப்பிடி ஒரு இடம் கிடைச்சிருந்தால்!"

நான் 2006இல் யாழ்ப்பாணத்தில் வரலாற்றுப் படிப்பைப் பாதியில் விட்டவன். பட்டம் வரவில்லை, ஆனால் அந்த வருத்தம் விடவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

இது வெறும் காடு இல்லை. 1660களில் இந்த ஆற்றுவாய்ப் பக்கம் செனெக்கா மக்களின் ஊர் ஒன்று இருந்தது. பெயர் கனட்செக்வயாகொன். இங்கேயிருந்து வடக்கே சிம்கோ ஏரிப் பக்கம் போக ஒரு காட்டுப்பாதை. வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். பீவர் தோல் வியாபாரம் அந்த வழியால் நடந்தது. ஆற்றுவாய் என்றால் வாசல். வாசலை வைத்திருப்பவனிடம்தான் வியாபாரம். எங்கட ஆற்றைக் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக வெட்டுவித்தான் என்று ஊரில் சொல்லுகிற கதையும் இதே கணக்குத்தான்.

1669இல் பெனலோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வந்து அந்தக் குளிர்காலத்தை அந்த ஊரில் கழித்தார். 1687இல் பிரெஞ்சு ஆளுநர் டெனொன்வில் ஏரிக்குத் தெற்கே செனெக்கா ஊர்களை எரித்தார். அந்தக் காலத்தோடு வடகரை ஊர்களும் வெறிச்சோடின. பிறகு மிசிசாகா மக்கள் வந்தார்கள். செனெக்காக்காரரும் சும்மா கிடந்த நிலத்துக்கு வரவில்லை. அதற்கு முன்னர், 1649-50இல், அவர்களுடைய கூட்டணி வெண்டாட் மக்களை வடக்கே இருந்து கலைத்திருந்தது. அதையும் மறைக்கக்கூடாது.

கடைசியில் ஆங்கிலேயர். 1923இல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் என்ற பெயரில் ஏழு ஆதிக்குடிகளிடம் நிலத்தோடு வேட்டை, மீன்பிடி உரிமையையும் எழுதி வாங்கினார்கள். 2018இல் அரசு மன்னிப்புக் கேட்டு, 110 கோடி டொலர் கொடுத்து, அந்த உரிமையைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. இடையில் 95 வருடம்.

அந்தச் செனெக்கா ஊர் என்று கருதப்படுகிற இடம் இந்தப் பூங்காவுக்குள்தான் மண்ணுக்கடியில் கிடக்கிறது. 1991இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலம் ஆக்கினார்கள். மண்ணைக் கிண்டிப்போடுவார்கள் என்று சனத்தை அங்கே விடுவதில்லை. ஆக, அதற்குப் பக்கத்தால் நடக்கிறவனுக்கு மரம் மட்டும்தான் தெரியும்.

நண்பர் ஒன்றும் கதைக்கவில்லை. பத்து வயதில், 1990இல், ஒரு பையோடு மயிலிட்டியை விட்டு வந்தவர். 2017இல் துறைமுகத்தை விட்டபோது தொலைபேசியில் படம் பார்த்தோம். வீடுகளைப் பற்றை மூடியிருந்தது. ஊர் தெரியாத ஒருவன் அன்றைக்கு அந்த வழியால் போயிருந்தால் அவனும் "வெறும் காடு" என்றுதான் சொல்லியிருப்பான். நாங்கள் போனதால் காடு வந்தது. காடு கிடப்பதைக் காட்டி ஆளில்லாத நிலம் என்று சொல்வது எவ்வளவு சுகம்!

பிள்ளைகளை வளர்க்க எங்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதற்கு நன்றி இருக்கத்தான் வேண்டும். ஆனால் அகதிக்கு இரட்டைக் கணக்கு கூடாது. எங்கட காணிக்கு உறுதி கேட்கிற நாங்கள், நிற்கிற காணியின் கதையையும் கேட்க வேண்டும்.

பின்னேரம் திரும்பி வரும்போது பஸ்ஸில் இன்னொன்றும் சொன்னேன். எங்கட வெக்ஸ்போர்ட்டும் அயர்லாந்தில் இருந்து வந்த பெயர். அந்த ஊரும் ஆறு கடலில் விழுகிற இடம்தான். அங்கே கப்பலில் வந்து இறங்கின வைக்கிங்குகள் வைத்த பெயர், சேற்று நிலத்துக் கழிமுகம் என்று பொருள். கப்பல் ஏறினவர்களின் பெயர் கடல் கடந்தும் நிற்கிறது.

"மற்ற ஊரின்ர பேர் என்ன சொன்னனீ?" என்று நண்பர் கேட்டார். சொன்னேன். வோர்டன் வீதி வருமட்டும் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.