தாபரிப்புப் பணம் (பிள்ளைகளுக்குரியது)

பிரிந்து வாழும் தாய் தந்தையருள் பிள்ளையைத் தம்மிடம் வைத்து வளர்க்காதவர், அப்பிள்ளையின் உணவு, உடை, உறைவிடம், கல்வி, வைத்தியம் ஆகியவற்றின்பொருட்டு மாதந்தோறும் செலுத்துமாறு நீதிமன்றத்தால் கட்டளையிடப்படும் தொகை தாபரிப்புப் பணம் எனப்படும். இலங்கையில் இத்தொகையைக் கணிப்பதற்குச் சட்டம் அட்டவணை எதனையும் வகுக்கவில்லை. நூற்றுக்கு இத்தனை என்ற விகிதமும் இல்லை. பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும் சீர்தூக்கி நீதவான் தகுமெனக் காணும் தொகையே விதிக்கப்படுகிறது. ஆகவே, யார் எதனை எவ்வாறு நிரூபித்தார் என்பதைப் பொறுத்தே தொகை ஏறுவதும் இறங்குவதும் நிகழ்ந்துவந்திருக்கிறது. தெஹிவளையில் வாழ்வோர் இதன்பொருட்டுக் கல்கிசை நீதவான் நீதிமன்றத்தையும், கொட்டாஞ்சேனைவாசிகள் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தையும் நாடுவது வழக்கம்.

முற்கால நிலை பற்றிச் சிறிதளவே கூற இயலும். 1707இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமை, மாதப்பணம் என்ற ஒன்றை அறியவில்லை. எனினும், மனைவியை இழந்து மறுமணஞ் செய்ய விழையும் தந்தை, பிள்ளைகளை ஏற்கும் பாட்டன் பாட்டியிடம், இறந்தவளின் சீதனம் முழுவதையும் தேடிய தேட்டத்திற் பாதியையும் ஒப்படைத்தல் வேண்டும் என அது விதித்தமை, பிள்ளையின் பங்கை முதலிற் பிரித்துவைத்த பின்னரே பெரியவர்களின் விருப்பத்துக்கு இடமளித்த ஒரு முறைமை என்ற வகையில் நினைவுகூரத்தக்கது. உரோம டச்சுச் சட்டம், பிள்ளையைப் பேணும் கடமையை இரு பெற்றோர்மீதும் அவரவர் வசதிக்கேற்பச் சுமத்திற்று. பிரித்தானியர் காலத்தில், 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், மனைவி மக்களைப் பிறர் தயவில் விட்டுச் சென்றவனைத் தண்டனைக்கு உள்ளாக்கியது. தண்டனையால் பிள்ளைக்கு யாதொரு வருவாயும் ஏற்படவில்லை.

1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டமே மாதாந்தக் கொடுப்பனவை நிலைநிறுத்தியது. இதன் வாசகம், 1882ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 488ஆம் பிரிவோடு நெருங்கிய ஒற்றுமையுடையது. அது முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டிருக்கலாம். போதிய வசதியிருந்தும் தன் மனைவியையோ, மணவுறவிற் பிறந்ததாயினும் புறத்தே பிறந்ததாயினும் தன் பிள்ளையையோ பேணாதொழிபவனை, மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துமாறு நீதவான் கட்டளையிடலாம். வேண்டுமென்றே செலுத்தாதுவிட்டால், நிலுவையான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையிடலாம். நீதவான் முன்னிலையில் விசாரிக்கப்பட்டும் சிறைத்தண்டனையில் முடியக்கூடியதாயிருந்தும், இவ்வழக்கு தன் இயல்பிற் குடியியல் வழக்கே என்று நீதிமன்றங்கள் கொண்டன. உரோம டச்சுச் சட்டத்தின்கீழ்த் தனியே வழக்குத் தொடரும் பழைய உரிமை இக்கட்டளைச் சட்டத்தால் அற்றுப்போயிற்றா என்பதிலோ தீர்ப்புகள் ஒருவழிப்பட்டனவல்ல.

‘போதிய வசதி’ எனும் தொடரின் பொருளைப் பற்றியே தொகைக் கணிப்பு முழுவதும் சுழன்றது. அத்தொடர் கைவசமுள்ள பணத்தையும் நிலத்தையும் மட்டுமன்றி, உழைக்கக்கூடிய உடல்வலிமையையும் உள்ளடக்கும் என்ற கொள்கை காலப்போக்கில் வலுப்பெற்றது. வேலையைத் தானே கைவிட்டுவிட்டு வருமானமில்லை எனச் சாதிக்கும் தந்தையின் வாதம் அதனால் வலுவிழந்தது.

மணவுறவுக்குப் புறத்தே பிறந்த பிள்ளையின் விடயத்தில் இக்கட்டளைச் சட்டம் விதித்த நிபந்தனைகள் சற்று விரிவாக நோக்கப்பட வேண்டியவை. பிள்ளை பிறந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் தாய் விண்ணப்பித்தல் வேண்டும். தவறினால், அக்காலத்துக்குள் தந்தை எனப்படுபவன் அப்பிள்ளையைப் பேணியதையோ, அதன் பராமரிப்புக்குப் பணம் கொடுத்ததையோ, அல்லது நாட்டை விட்டு நீங்கியதையோ காட்டுதல் வேண்டும். இதனால், மனமிரங்கி ஒருமுறை கொடுத்த சில ரூபாய்க் காசு, பல்லாண்டு கழித்துப் பிள்ளையின் உரிமையைத் தாங்கி நிற்கும் தூணாகக்கூடியதாயிற்று. மேலும், தாயின் வாய்மொழி மட்டும் போதாது; முக்கியமான ஓரம்சத்திலேனும் அதனை வேறொரு சான்று உறுதிப்படுத்தல் வேண்டும். பெரும்பாலும் மறைவில் நிகழ்ந்த உறவுக்குச் சாட்சியை எங்ஙனம் கொணர்வது என்ற இடர்ப்பாட்டில், 1921இல் பிரதம நீதியரசர் பெர்ட்ராம் காலத்து உயர் நீதிமன்றம், சம்பவம் நிகழ்ந்த காலத்தை ஒட்டித் தாய் பிறரிடம் கூறிய கூற்றும் அத்தகைய உறுதிப்பாடாகலாம் எனக் கொண்டது. அயல்வீட்டுப் பெண்ணிடமோ உடன்பிறந்தாளிடமோ ஒருத்தி அழுதுரைத்த சொல், இத்தீர்ப்பினாற் சான்றாகும் தகுதியை அடைந்தது எனலாம். அத்தகுதியின் எல்லை யாது என்பது பின்னரும் விவாதிக்கப்பட்டது. மணவாழ்வு நிலைத்திருந்த காலத்திற் பிறந்த பிள்ளை கணவனுடையதே என்னும் ஊகத்தை, 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு காத்து நின்றது.

கடல்கடந்த தந்தையர் பிரச்சினையும் இக்காலத்ததே. பேரரசின் பிற பகுதிகளில் பிறப்பிக்கப்பட்ட கட்டளைகளை இங்கும், இங்குள்ளவற்றை அங்கும் நிறைவேற்ற வகைசெய்யும் கட்டளைச் சட்டம் 1921இல் இயற்றப்பட்டது. வெளிநாட்டிலிருந்து தாபரிப்பு அறவிடுதல் பற்றிய 1956ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையிலும் இலங்கை இணைந்தது.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ்க் காதி நீதிமன்றங்கள் தாபரிப்பை விசாரிக்கின்றன. பொதுச் சட்டத்துக்கும் இதற்குமுள்ள எல்லைக்கோடு பற்றி மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன.

1991இல் இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றபின், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. கடமை இப்போது தந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் உரியது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையேயன்றி, தன்னைத் தானே பேண இயலாத பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலான மகனோ மகளோ, எவ்வயதினராயினும் அங்கவீனமுற்ற பிள்ளையோ உரிமைகோரலாம். உறுதிப்படுத்தும் சான்று என்ற பழைய நிபந்தனையின் இடத்தில், பெற்றோர்நிலை வலுவான சான்றினால் நிலைநாட்டப்பட வேண்டும் என்ற விதி வந்தது. நிலுவைக்குச் சிறையோடு, சம்பளத்திலிருந்து நேரே பிடித்துக் கொடுக்கும் கட்டளையும் உண்டு. மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லும். மரபணுப் பரிசோதனைக்கு இணங்க மறுப்பவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பது பற்றி ஒருமித்த கருத்து ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

நடைமுறையில், தாய் செலவுப் பட்டியலொன்றைத் தயாரிக்கிறாள்: வீட்டு வாடகையிற் பிள்ளையின் பங்கு, பால்மா, பாடசாலைக் கட்டணம், வான் காசு, டியூஷன் காசு, மருந்துச் செலவு. எதிர்த்தரப்பிற் சம்பளச் சீட்டு கோரப்படுகிறது. அரச ஊழியரின் வருமானம் அச்சீட்டிலேயே தெரிந்துவிடும். கடை வைத்திருப்பவர், நாட்கூலிக்குச் செல்பவர், வெளிநாட்டிலிருந்து உண்டியல் மூலம் காசு அனுப்புபவர் ஆகியோரின் வருமானத்தைத் தாயே தேடித் திரட்டிக் காட்டவேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் போர்க்காலத்தில் வந்து குடியேறிய குடும்பங்களிற் பலவற்றில் தந்தை கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் நிலையில், இது சிறு சுமையன்று. சட்டத்தரணிக்குக் கொடுக்க இயலாதவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இவ்வழக்குகளில் உதவுகிறது.

வேறு நாடுகள் சிலவற்றில் கணிப்பு விகிதமுறையானது. அவுஸ்திரேலியா 1989ஆம் ஆண்டின் சட்டத்தாலும், பிரித்தானியா 1991ஆம் ஆண்டின் சட்டத்தாலும் சூத்திரங்களை வகுத்தன. கனடாவில் 1997 முதல் செலுத்துபவரின் வருமானத்தையும் பிள்ளைகளின் தொகையையும் கொண்டு அட்டவணையிலேயே தொகை காணப்படுகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில், சூத்திரம் எதனையும் விதியாது, இரு தரப்பினரும் சொத்தையும் வருமானத்தையும் சத்தியக்கடதாசி மூலம் வெளிப்படுத்த வேண்டுமெனப் பணித்தது. சூத்திரம் ஒவ்வொரு குடும்பத்தின் விசேட நிலைமையைக் காணாது என்பாரும், நீதவானின் தற்றுணிபு ஒரே நிலைமைக்கு இரு வேறு தொகைகளைத் தரும் என்பாரும் உளர். தன் கணவனின் வருமானத்தை அறியும் வழியற்ற தாய்க்கு, இவ்விரண்டிலும் முதற்கண் வேண்டுவது வருமானத்தை வெளிப்படுத்தும் கடமையே என்பது மறுத்தற்கரியது.

பணவீக்கத்துக்கேற்பத் தொகை தானாக உயரும் ஏற்பாடு இலங்கைச் சட்டத்தில் இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்தெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியபோது, முன்னைய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தொகைகள் எண்ணளவில் மாறாதிருக்கப் பெறுமதியிற் பெரிதும் குன்றின. நிலைமை மாறியதைக் காட்டித் தொகையை மாற்றுமாறு கோரும் உரிமை சட்டத்தில் உண்டு. அதற்குத் தாய் மீண்டும் விண்ணப்பித்து, புதிய விலைகளைக் கொண்டு செலவுப் பட்டியலை மீண்டும் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும்.