வடிந்த காது சொல்லும் வரலாறு

நெல்லைச் சீமையிலும் இராமநாதபுரச் சீமையிலும், தோளைத் தொடும் காதும் அதில் ஊசலாடும் பாம்படமுமாக வாழ்ந்த மூதாட்டியரை நாம் அறிவோம். அக்காதைக் கண்டு நகைப்போர் உண்டு. பழமையின் பெருமை என்று போற்றுவோரும் உண்டு. நகைப்பும் வேண்டாம், போற்றியும் வேண்டாம், ஆராய்வோம்!

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. கோவலனைப் பிரிந்த கண்ணகி குழை துறந்ததால் காது வெறுமையாய்த் தொங்கியதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. சோழர் காலச் செப்புப் படிமங்களில் ஆணுருவின் காதும் நீண்டே இருக்கிறது. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்' இதனைப் பதிவு செய்திருக்கிறது.

காதை வளர்த்தது கடவுளா? அல்ல, கைத்திறன்! குழந்தையின் காதைக் குத்தி, துளையிலே எண்ணெய் தோய்த்த பஞ்சுத் திரியை இட்டனர். புண் ஆற ஆறத் திரி தடித்தது. அடுத்து பனையோலைச் சுருள். சுருண்ட ஓலை விரிய முயலும், அம்முயற்சியே துளையை மெல்ல அகற்றும். பின்னர் ஈயக் குணுக்கு. அதன் எடை காதை இழுக்கும். மூன்று நாளுக்கொரு முறை திரியைப் பருமனாக்கச் சொல்லும் சுசுருத சங்கிதை, அறுந்த காதை ஒட்ட 15 முறைகளையும் வகுக்கிறது. அத்தனை முறைகள் தேவைப்பட்டன என்றால், அறுந்த காதுகள்தாம் எத்தனை!

சோணையில் குருத்தெலும்பு இல்லை. தோலும் கொழுப்புமே உண்டு. மெல்ல இழுத்தால் தோல் வளரும். விரைந்து இழுத்தால் கிழியும். வீங்கினால், சீழ் கண்டால், அகற்றுவதை நிறுத்திப் புண்ணை ஆற்ற வேண்டும். பொறுமை, தூய்மை, இடைவெளி: இன்று விரும்பிக் காதை அகற்றும் இளைஞருக்கும் மருத்துவம் கூறும் விதி இதுவே. ஏடறியாப் பாட்டி இதைப் பட்டறிவால் கண்டாள். ஈயம் நஞ்சு என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

ஆனால், ஒன்று கேட்கிறோம். துளைத்தது யார் காது? விருப்பம் யாருடையது? பேசத் தெரியாத குழவியிடம் எவர் இசைவு கேட்டார்? நாகரிகம் மாறியபோது, அதே பெண்கள் ஊரார் ஏளனத்துக்கு அஞ்சி, வடித்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டனர். வளர்த்ததும் பிறருக்காக, அறுத்ததும் பிறருக்காக!

பாட்டியின் அறிவைப் பேணுவோம். அவள் மீது சுமத்திய கட்டாயத்தைக் களைவோம். காது அவளுடையது, முடிவும் அவளுடையதாகட்டும்!