ஜாவாஸ்கிரிப்ட் தானியங்கிச் சோதனைச் சூழல்களின் வரலாறு

ஜாவாஸ்கிரிப்ட் சோதனைச் சூழல் என்பது, ஒரு நிரலைத் தானாகச் சோதிக்கும்போது அந்த நிரல் எதற்குள் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு ஆகும். அது உண்மையான உலாவியாகவோ, உலாவியைப் போல நடிக்கும் நிரலகமாகவோ, உலாவியே இல்லாத நோட்.ஜேஎஸ் ஆகவோ இருக்கலாம். சோதனையின் வேகமும் நம்பகத்தன்மையும் இத்தேர்வைப் பொறுத்தவை.

சிக்கலின் வேர்

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்காகவே உருவாக்கினார். இணையப் பக்கங்களுக்கான நிரல்கள் நாள்தோறும் பயன்படுத்தும் 'விண்டோ', 'டாக்குமென்ட்' ஆகிய பொருள்கள் மொழியின் உறுப்புகள் அல்ல, உலாவி வழங்குபவை. ஆகவே உலாவிக்கு வெளியே அந்நிரலை ஓட்டினால், 'விண்டோ' வரையறுக்கப்படவில்லை என்ற பிழையுடன் அது நின்றுவிடும்.

உலாவிக்குள் சோதனை

2004இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலீனியம், உண்மையான உலாவியை இயக்கிச் சோதித்தது. முடிவுகள் நம்பத்தக்கவை, ஆனால் உலாவியைத் திறந்து பக்கத்தை ஏற்ற நேரம் பிடித்தது. திரை இல்லாத வழங்கிகளில் போலித் திரை ஒன்றையும் அமைக்க வேண்டியிருந்தது.

போலி உலாவியும் திரையில்லா உலாவியும்

2009இல் ரையன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே பரவலாக்கியது. அதன் மேல் எழுந்த ஜேஎஸ்டாம் நிரலகம், பக்கத்தின் கூறுகளை நினைவகத்தில் மட்டும் உருவாக்கிக் காட்டியது. சோதனைகள் விரைந்தன. எனினும் ஜேஎஸ்டாம் பக்கத்தை வரைவதில்லை. ஒரு பொத்தானின் அகலத்தைக் கேட்டால் சுழியம் என்றே விடை வரும். பொத்தான் திரைக்கு வெளியே விழுந்தாலும் சோதனை வெற்றி பெறும்.

2011இல் அரியா ஹிதாயத் வெளியிட்ட பேண்டம்ஜேஎஸ், வெப்கிட் பொறியைத் திரையின்றி இயக்கி இடைவழி ஒன்றைத் தந்தது. 2017இல் குரோமே திரையில்லாமல் இயங்கத் தொடங்கியதும் அதன் தேவை குறைந்தது. 2018இல் அதன் உருவாக்கம் நிறுத்திவைக்கப்பட்டது.

ஜெஸ்ட்டின் மாற்றம்

பேஸ்புக் நிறுவனத்தில் உருவான ஜெஸ்ட், நெடுங்காலம் ஜேஎஸ்டாமையே இயல்பிருப்புச் சூழலாகக் கொண்டிருந்தது. வழங்கி நிரலை மட்டும் சோதித்தவர்களும், தேவையில்லாத போலி உலாவி ஒன்றை ஒவ்வொரு சோதனைக் கோப்புக்கும் சுமந்தனர். 2021 மே மாதம் வெளியான 27ஆம் பதிப்பு இயல்பிருப்பை நோட் என மாற்றியது. 2022இல் வந்த 28ஆம் பதிப்பில் ஜேஎஸ்டாம் சூழல் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. வேண்டுவோர் தனியே நிறுவ வேண்டும். இதனால், சூழலைக் குறிப்பிடாமல் விட்டிருந்த திட்டங்களில், நிரலில் ஒரு வரியும் மாறாமலே, உலாவிப் பொருள்களை நாடிய சோதனைகள் தோல்வியுற்றன. எழுதப்படாத இயல்பிருப்பும் ஓர் அமைப்பே என்பதை அது உணர்த்தியது.

இன்றைய நடைமுறை

சூழலைத் திட்டம் முழுமைக்கும் அமைவுக் கோப்பில் குறிப்பிடலாம். ஒரு கோப்புக்கு மட்டும் வேண்டுமெனில் அதன் தலைப்பில் குறிப்புரையாக எழுதலாம். கணக்கீடு, தரவுச் சரிபார்ப்பு போன்றவற்றுக்கு நோட் போதும். பக்கக் கூறுகளைத் தொடும் நிரலுக்கு ஜேஎஸ்டாம் உதவும். தோற்றம், இட அமைவு ஆகியவற்றைச் சோதிக்க பிளேரைட் போன்ற கருவிகள் வழியே உண்மையான உலாவி வேண்டும். வெற்றி பெற்ற ஒரு சோதனை, அது ஓடிய சூழலுக்கு மட்டுமே சான்றாகும்.