ஈர்ப்பின் மர்மமும் வினாவின் மாண்பும்

மேலே எறிந்த கல் ஏன் மண்ணுக்கே மீள்கின்றது? சிறு பிள்ளையும் கேட்கக்கூடிய இவ்வினாவுக்கு மனித குலம் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகின்றது.

கனமுள்ள பொருள் உலகின் நடுவை நாடுவது அதன் இயல்பு. விண்கோளங்களுக்கோ கனமும் இல்லை, இலேசும் இல்லை என்றார் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில். மேதை அல்பிரூனி இதனை அப்படியே ஏற்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டளவில் அவர் இப்னு ஸீனாவுக்கு விடுத்த 18 வினாக்களுள் முதலாவது இதனைப் பற்றியதே. இப்னு ஸீனாவோ அரிஸ்டாட்டிலின் பக்கம் நின்று விடையளித்தார். பின்னர் 1121இல் மெர்வ் நகரத்து அல்காஸினி, 'மீஸானுல் ஹிக்மா' (ஞானத் தராசு) என்னும் நூலில், உலக நடுவிலிருந்துள்ள தொலைவுக்கேற்பப் பொருளின் எடை மாறும் என்று எழுதினார்.

இதைக் கொண்டு, ஈர்ப்பு விதியை நம்மவரே முதலில் கண்டனர் என உரிமை கொண்டாடுதல் முறையன்று. செய்யாததைச் செய்ததாகப் புகழ்வது அப்பெரியார்களுக்குச் சிறப்பாகாது. ஆசான் சொல்லையும் உரசிப் பார்த்த துணிவே அவர்கள் விட்டுச் சென்ற செல்வம்.

கல்லை வீழ்த்தும் விசையே நிலவையும் பிணித்து வைத்துள்ளது என்று 1687இல் நியூட்டன் நிறுவினார். தொலைவு இரட்டித்தால் ஈர்ப்பு கால்பங்காகும் என்றார். அதன் காரணம் யாது என்பதற்கு மட்டும் ஊகம் புனைய மறுத்துவிட்டார்.

யுரேனஸ் கோள் அவர் விதிக்குச் சற்றே பிறழ்ந்து சென்றது. காணாத கோளொன்று அதனை இழுக்கின்றது எனக் கணித்தார் பிரெஞ்சு அறிஞர் லெவெரியே. அவர் காட்டிய திசையில் 1846இல் நெப்டியூன் தென்பட்டது! புதன் கோளின் பாதையும் பிறழ்வதைக் கண்டு, 1859இல் அதே விடையை மீண்டும் மொழிந்தார். பல்லாண்டு தேடியும் அப்படியொரு கோள் கிட்டவில்லை. விளங்காது நின்ற பிறழ்வு நூற்றாண்டுக்கு 43 விகலை. ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு கூறு. பொருளின் இருப்பால் வெளியும் காலமும் வளைவதே ஈர்ப்பு என்று 1915இல் ஐன்ஸ்டைன் கூறியபோது, அந்த 43 விகலைக்கும் கணக்குக் கிடைத்தது.

இன்றும் அதே வழக்கு தொடர்கின்றது. விண்மீன் மண்டலங்களின் ஓரத்து விண்மீன்கள், கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்புக்கு மிஞ்சிய வேகத்தில் சுழல்கின்றன. காணாத கரும்பொருள் உண்டென்பர் பெரும்பாலோர். ஆய்வுக்கூடத்தில் அது இன்னும் அகப்படவில்லை. விதியையே திருத்த வேண்டும் என்றார் 1983இல் மில்குரோம். விண்மீன் மண்டலக் கூட்டங்களில் அவர் கணக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. இது நெப்டியூன் கதையா, புதன் கதையா? தீர்ப்பு இன்னும் வரவில்லை.

நம் பிள்ளைகளுக்கு முன்னோர் பெயர்களை மட்டும் மனப்பாடமாக்கி என்ன பயன்? அவர்கள் கேட்ட வினாவையும், அதனைக் கேட்கும் துணிவையும் சேர்த்தே கற்பிப்போமாக!