'பிரிலிமினரி' என்ற ஆங்கிலப் பெயரடையின் வரலாறு

'பிரிலிமினரி' என்ற பெயரடை 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'முன்' என்று பொருள்படும் 'ப்ரே', 'வாசற்படி' என்று பொருள்படும் 'லீமென்' ஆகிய இரு லத்தீன் சொற்கள் இதன் பகுதிகள். ஆயினும் பண்டை ரோமானியர் எழுத்தில் இந்தக் கூட்டுச்சொல் இல்லை. இது பிற்கால லத்தீனில் புதிதாக ஆக்கப்பட்டது. பிரெஞ்சு மொழியிலும் பின் ஆங்கிலத்திலும் புழங்கியது. மனுவைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்வதைக் குறிக்க இந்திய நீதிமன்றங்கள் ஆளும் 'இன் லிமினே' என்ற தொடரிலும் இருப்பது இதே வாசற்படிதான்.

இச்சொல்லின் தேவையை உண்டாக்கியவை ஐரோப்பியப் போர்கள். முப்பதாண்டுப் போரை முடிப்பதற்குப் பேச வேண்டுமானால், எங்கே பேசுவது, தூதர்கள் எந்தப் பாதுகாப்புடன் வந்துசேர்வது என்பவற்றை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. 1641 டிசம்பர் 25 அன்று ஹாம்பர்க்கில் கையெழுத்தான முன்னுடன்படிக்கை அவ்வளவையே செய்தது. மியுன்ஸ்டர், ஆஸ்னாப்ருக் என்ற இரு நகரங்களைப் பேச்சுக்குரிய இடங்களாக முடிவுசெய்தது. வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை நிறைவேற மேலும் ஏழாண்டுகள் பிடித்தன. இந்த முதல் கட்டத்தில் 'பிரிலிமினரி' என்பது நடைமுறை ஏற்பாட்டையே சுட்டியது. சமாதானத்தின் உள்ளடக்கம் அதில் இல்லை.

ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் இந்த எல்லை மாறியது. 1709 மே மாதம் ஹேக் நகரில் நேச நாடுகள் பிரான்சின் முன் வைத்த 40 பூர்வாங்க ('பிரிலிமினரி') விதிகளில் அரசுரிமையும் கோட்டைகளும் நிலப்பரப்பும் அடங்கியிருந்தன. தம் பேரனை ஸ்பெயின் அரியணையிலிருந்து இறக்கத் தாமே உதவ வேண்டும் என்ற நிபந்தனையைப் பதினான்காம் லூயி ஏற்கவில்லை, போர் தொடர்ந்தது. செய்தித்தாள்கள் வழியாக இச்சொல் லண்டன் வாசகரிடம் பரவியதும் இந்தக் காலத்தில்தான். 1710 செப்டம்பரில் 'டாட்லர்' இதழில் ஜோனாதன் ஸ்விஃப்ட், போர் கொண்டுவந்து சேர்த்த நீண்ட சொற்களின் பட்டியலில் இதன் பெயர்ச்சொல் வடிவத்தையும் சேர்த்து, இவை இன்னும் சில படையெடுப்புகளுக்குமேல் பிழைக்கமாட்டா என்றார். அம்பாசடர், ஆபரேஷன், பட்டாலியன் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. நடைபற்றிய ரசனை சொற்களின் ஆயுளைக் கணிக்க உதவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பூர்வாங்க விதிகள் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்ற கேள்விக்கு 18ஆம் நூற்றாண்டில் ஒரே விடை இல்லை. அதைக் கோரமண்டலக் கரையிலேயே காணலாம். 1748 ஏப்ரல் 30 அன்று எக்ஸ்-லா-ஷப்பேலில் பிரிட்டன், பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளிடையே பூர்வாங்க விதிகள் கையெழுத்தாயின. செய்தி வந்துசேராத நிலையில், அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார். பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்த நாட்களைப் பதிவுசெய்துள்ளது. பிரெஞ்சுக்காரர் பிடித்திருந்த சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது 1749இல்தான். 1783இல் நிகழ்ந்தது வேறு. பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20 அன்று வெர்சாயில் ஒப்பமிட்ட பூர்வாங்க விதிகளின் செய்தி ஜூன் இறுதியில் எட்டியதும், பிரெஞ்சுப் படைக்கு எதிரான கடலூர் முற்றுகை நின்றது. இறுதி உடன்படிக்கை கையெழுத்தாக அப்போது இன்னும் இரண்டு மாதங்களுக்குமேல் இருந்தன. சண்டையை நிறுத்தப் பூர்வாங்கத் தாளே போதுமானதாக இருந்தது.

எதிர்மறை எடுத்துக்காட்டு சான் ஸ்டெஃபானோ. 1878 மார்ச் 3 அன்று ரஷ்யாவும் துருக்கியும் செய்துகொண்ட அந்த உடன்படிக்கையின் பெயரிலேயே 'பிரிலிமினரி' உண்டு. அது வரைந்த பரந்த பல்கேரியாவை ஜூலையில் பெர்லின் மாநாடு வெட்டிச் சுருக்கியது. ஆனாலும் பல்கேரியா தன் தேசிய நாளாகக் கொண்டாடுவது மார்ச் 3ஐத்தான்.

இதற்கிடையே சொல் அறிவுத்துறைக்கும் சென்றிருந்தது. 1751இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதிக்கு தலாம்பேர் எழுதிய நெடிய முகவுரை 'பூர்வாங்க உரை' என்றே பெயர்பெற்றது. அச்சுத்தொழிலில் நூலின் முன்பக்கங்களுக்கு 'பிரிலிம்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. உள்பக்கங்கள் அச்சான பிறகே அவை கோக்கப்பட்டதால் தனியே ரோமன் எண்கள் பெற்றன.

பொருளில் நெருங்கிய பிற ஆங்கிலப் பெயரடைகளிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும். 'இன்ட்ரடக்டரி' என்பது நூலின் அல்லது பேச்சின் உறுப்பாகவே நிற்கும் தொடக்கம். 'பிரிபரேட்டரி' ஆயத்தப்படுத்துவது. 'புரொவிஷனல்' பின்னர் திருத்தப்படலாம் என்ற ஒப்புதலைத் தாங்கியது; 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் எண்ணிக்கையான 121.02 கோடி அப்பெயரில் வெளிவந்து, இறுதியில் 121.09 கோடியானது. 'பிரிலிமினரி' இவற்றிலிருந்து வேறுபடுவது, அடுத்து ஒரு கட்டம் கட்டாயம் உண்டு என்று அறிவிப்பதில்தான். முதல் கட்டத்தில் முடிவானது நிலைக்குமா என்பதைச் சொல் தானாகச் சொல்லிவிடாது. அந்தந்தத் துறையின் விதியே சொல்லும்.

இந்தியச் சட்டத்தில் இது கூர்மையாகத் தெரிகிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, பாகப்பிரிவினை வழக்கில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல்நிலை ('பிரிலிமினரி') தீர்ப்பாணை அறிவிக்கும். சொத்தை அளந்து பிரித்துத் தருவது இறுதித் தீர்ப்பாணை. முதல்நிலைத் தீர்ப்பாணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யாதவர், இறுதித் தீர்ப்பாணைமீதான மேல்முறையீட்டில் அதன் சரியான தன்மையைக் கேள்விகேட்க முடியாது என்கிறது பிரிவு 97. பெயர் முதல்நிலை, வலுவோ ஏறக்குறைய முடிவானது. ஏறக்குறைய என்பதற்குக் காரணம் உண்டு. பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் ஆந்திரத் திருத்தம் குறித்த வழக்கில், இறுதித் தீர்ப்பாணை வரும்வரை பாகப்பிரிவினை முற்றுப்பெறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியது. முதல்நிலைத் தீர்ப்பாணை ஆகியிருந்தாலும் நிலுவையிலுள்ள வழக்கில் மகள்களுக்கு மகனுக்குச் சமமான பங்கு தர வேண்டும் என்று 2020இல் வினீதா சர்மா வழக்கிலும் தீர்ப்பளித்தது.

தேர்வுத்துறையின் நடைமுறை இதற்கு நேர்மாறானது. டி. எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் 1979 முதல் முதல்நிலைத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பதாரர் கூட்டத்தைக் காலியிடங்களைப்போல் ஏறத்தாழ 12 அல்லது 13 மடங்காகக் குறைப்பதே அதன் வேலை. அதற்குத் தலா 200 மதிப்பெண் கொண்ட இரண்டு தாள்கள். 2015 முதல் இரண்டாம் தாளில் 33 விழுக்காடு எடுத்தால் போதும். முதன்மைத் தேர்வுக்கு யார் செல்வது என்பதை முதல் தாளின் மதிப்பெண்ணே முடிவுசெய்கிறது. அந்த மதிப்பெண்ணும் இறுதித் தரவரிசைக் கணக்கில் சேர்வதில்லை.