ஸ்குரூடிரைவர்ல இருந்து சாஃப்ட்வேர் வரைக்கும்
அரியலூர் சிமெண்ட் லாரிகளும், பெரம்பலூர் வழியா ஓடுற சென்னை–திருச்சி வண்டிகளும் ஒரு காலத்தில் ஸ்குரூடிரைவருக்குத்தான் கட்டுப்பட்டன. பெட்ரோலுக்கு கார்பரேட்டர், டீசலுக்கு பம்ப். திருகினா பவர், கூடவே கரும்புகை.

2000-லிருந்து புகை விதிகள் இறுக இறுக, அந்த வேலையை கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு. அதை மாத்த இப்போ ரெண்டு வழி.

பிக்கிபேக் பெட்டி, சென்சார் சொல்றதை நடுவில் திரிச்சு ‘டீசல் பிரஷர் குறைவு’ன்னு காட்டும். கம்ப்யூட்டர் நம்பி பிரஷரைக் கூட்டும். பெட்டியைக் கழட்டினா பழைய வண்டி.

ரீமேப், உள்ளே இருக்கிற கணக்கையே மாத்தி எழுதும். துல்லியம் அதிகம், தப்பா எழுதினா இன்ஜினைக் காக்கிற எல்லைகளும் போகும்.

2020-ல் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகை வடிகட்டி உண்டு. கூடுதல் கரியில் அது அடைச்சா, சிலர் அதையே கழட்டிடுறாங்க. அப்போ ஸ்குரூடிரைவர் காலத்துக் கரும்புகைதான் திரும்ப வருது.