குள்ளர் குகையும் லுட்கியும்: ஜவ்வாது மலைத் தொன்மங்கள் குறித்து ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வின் எல்லை

ஸ்லாவியத் தொன்மம் என்றதும் பேச்சு பெருந்தெய்வங்களிடம் போய்விடுகிறது. இடியின் தெய்வம் பெருன், கால்நடைத் தெய்வம் வெலெஸ் ஆகியோரை நம் இந்திரனோடும் பிறரோடும் பொருத்திக் காட்டுவது பழகிய வழி. அந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. 980இல் கீவ் நகரில் பெருன் சிலையை நிறுத்திய விளாதிமிர் மன்னனே 988இல் கிறித்தவம் தழுவியதும் அதை தினீப்பர் ஆற்றில் தள்ளச் செய்தான். ஆனால் வீட்டைக் காக்கும் டொமொவோயும், வழிப்போக்கரைத் திசைமாற்றும் காட்டுத்தலைவன் லேஷியும் அதன்பின் பல நூற்றாண்டுகள் உழவர் பேச்சில் வாழ்ந்தனர். எனவே ஒப்பீட்டைச் சிற்றுயிர்களிடமிருந்து தொடங்குவதே முறை. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த ஜவ்வாது மலையில் அதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது.

2. கல்திட்டையும் குள்ளரும்

ஜவ்வாது மலையின் பெருங்கற்காலக் கல்திட்டைகளை மக்கள் குள்ளர் குகை என்கிறார்கள். பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே மூடுகல் இட்ட அமைப்பு அது. இத்தகைய கல்திட்டைகளின் ஒரு பக்கக் கல்லில் வட்டமான இடுதுளை இருப்பதுண்டு. தொல்லியலாருக்கு இவை இரும்புக்கால ஈமச் சின்னங்கள். ஊராருக்கோ முன்னொரு காலத்தில் வாழ்ந்த குள்ள மனிதரின் வீடுகள். சுவர், கூரை, வாசல் மூன்றும் இருக்க, ஆள் நுழைய மட்டும் இடம் போதவில்லை என்றால், வாழ்ந்தவர் சிறியவராகத்தானே இருக்க வேண்டும்? கண்ணால் கண்டதிலிருந்து எட்டிய முடிவு அது. மூடநம்பிக்கை என்று தள்ளுவது தவறு.

கிழக்கு ஜெர்மனியின் லுசேஷியாவில் வாழும் சோர்பியர் ஸ்லாவிய இனத்தார். அவர்கள் சொல்லும் லுட்கிகளும் குள்ள மனிதர்களே. மேடுகளின் அடியில் வாழ்ந்து, தேவாலய மணியோசை பொறுக்காமல் அகன்றவர்கள். உழும்போது கிடைத்த பழைய சாம்பல் தாழிகளை லுட்கிகளின் பானைகள் என்றனர் ஊரார். உண்மையில் அவை வெண்கலக் காலத்தின் பிற்பகுதியில் இறந்தோரை எரித்துப் புதைத்த தாழிகள்; சோர்பியரின் முன்னோர் அங்கே வந்து குடியேறியதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை.

இரண்டு இடத்திலும் நிலைமை ஒன்றே. பிறகு வந்தவர்கள், தமக்கு முன் அந்த மண்ணில் இருந்தவர்களின் ஈமச்சின்னத்தைக் கண்டு, அதை வீடாகவும் பாண்டமாகவும் படித்தார்கள். மண் முதலில் நம்முடையதல்ல என்ற ஒப்புதல் குள்ளர் கதைக்குள் இருக்கிறது. என் வாதம் இதுதான்.

3. வந்தேறிய கதை

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் தம்மைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளியான தர்ஸ்டனின் தொகுப்பில் அக்கதை உள்ளது. கங்குந்தி வேடர்கள் ஏழு வெள்ளாளப் பெண்களைக் கவர்ந்து சென்றனர். ஏழு ஆடவர் ஏழு நாய்களோடு மீட்கப் போனார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்ததாகக் கொள்ளுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டே போனார்கள். பாலாற்று வெள்ளத்தைக் கடக்க மாட்டாமல் நாய்கள் வீடு திரும்பின. வீட்டில் ஈமச்சடங்கு முடிந்தது. வேடரை வென்று வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர் பெண்களை மணந்து மலையேறினார்கள்.

வீரனின் சாவோடு நாயையும் சேர்த்து நினைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல்லில், மாண்ட வீரனோடு கோவிவன் என்ற நாயும் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. தொன்மத்தில் நாய் வருவதற்கு மண்ணிலேயே வேர் உண்டு என்பதற்கு இது போதும்.

4. தாய்வழி பற்றி ஓர் ஊகம்

ஸ்லாவியத் தெய்வங்களை நமக்கு எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் அவற்றை வெறுத்த துறவிகள். மலையாளிகளின் கதையை அச்சேற்றியவர்கள் சாதிவரிசை தேடிய ஆங்கில அதிகாரிகள். அதனால் வெள்ளாளத் தந்தைவழி விரிவாகப் பதிவானது. வேடர் மனைவியர் ஒரே வாக்கியத்தில் கடந்துபோனார்கள். அந்தக் கதையின்படியே பார்த்தாலும், காட்டையும் கல்லையும் முன்பே அறிந்தவர்கள் அந்தப் பெண்கள்தாம். குள்ளர் கதை அவர்கள் வழியாக வந்திருக்கலாம் என்பது என் ஊகம். மலையூர்களின் மூதாட்டிகளிடம் குள்ளர் கதைகளைத் தனியே தொகுத்து, ஆடவர் சொல்வதோடு வைத்துப் பார்த்தால் இந்த ஊகம் நிற்குமா விழுமா என்பது தெரிந்துவிடும்.